வருஷத்தில் ஒரு நாள்

பேப்பரை மடித்து வையுங்கள் சார். அதில் ஒன்றும் இருக்காது.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் நானும் காலை நீட்டிக்கொள்வேன். இது என் சீட்டு இல்லை. ரெண்டு வரிசை தள்ளி, ஜன்னலோரம், பச்சைச் சேலை கட்டி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு எதிர் சீட்டு. அவள் என் பெண்சாதி. ஆவுடையம்மாள். நேற்றிலிருந்து எதிரில் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சண்டை எல்லாம் இல்லை. அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். கயா ஸ்டேஷனில் வைத்துக் கேட்டாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். நான் சொல்லவில்லை. மெட்ராஸ் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். இறங்கினால் மகன் வந்து நிற்பான், பேரப்பிள்ளைகள் நிற்கும். அப்புறம் அவள் கேட்க மாட்டாள். செத்தாலும் கேட்க மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.

நான் டெலிபோனில் லைன்மேனாக இருந்தவன். பெயர் குருசாமி. கோவில்பட்டி. ஒரு கம்பியைச் சரிபண்ணினால் முதலில் நாங்களே பேசிப் பார்ப்போம். அப்புறம்தான் பார்ட்டிக்குக் கொடுப்போம். அதுமாதிரி உங்களிடம் பேசிப் பார்க்கிறேன். வாயில் வருகிறதா இல்லையா என்று. நீங்கள் யாரோ, நான் யாரோ. கேட்டுக்கொண்டிருந்தால் போதும். நடுவில் யோசனை சொல்ல வேண்டாம்.

எழுபத்து நாலில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் நம்பரைச் சுற்றினால் விழாது. எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் கேட்டால் அவள் மாட்டிவிடுவாள். நாங்கள் போஸ்ட்டில் ஏறிப் பழுது பார்த்துவிட்டு, இடுப்பில் தொங்கும் ரிசீவரைக் கம்பியில் மாட்டி அவளைக் கூப்பிடுவோம். சரியாக இருக்கிறதா என்று அவள் சொல்லுவாள். பிலோமினா என்று பெயர். மணப்பாட்டுக்காரி.

"குருசாமி, நீங்க பேசறது கேக்குது. கூடவே காக்கா கத்தறதும் கேக்குது" என்பாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள். நேரில் பார்த்தது ஐந்தாறு தடவை. தொட்டது கிடையாது. போஸ்ட்டு உச்சியில் வெயிலில் தொங்கிக்கொண்டு, காதுக்குள் ஒரு பெண்பிள்ளை சிரிப்பதைக் கேட்டால் எவனுக்கும் பைத்தியம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது. ரெண்டு வருஷம். பழுதில்லாத கம்பியை எல்லாம் சரிபார்த்தேன். என்னைப் போல் உழைப்பாளி வேறு யாரும் இல்லை என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார்.

எழுபத்தாறில் அவளுக்குக் கல்யாணம். அதையும் கம்பியில்தான் சொன்னாள். "செப்டம்பர் ஒம்போது. எங்க ஊர்க் கோயில்ல. வந்துராதீங்க குருசாமி" என்றாள். சொல்லும்போது குரல் நன்றாக இல்லை. நான் போகவில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை. பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. அடுத்த வருஷம் அதே தேதியில் அப்படியே படுத்தேன். அதற்கு அடுத்த வருஷமும். அப்போது துக்கம் இருந்தது சார். அதில் பொய் கிடையாது.

எழுபத்தொன்பதில் இவளைக் கட்டினேன். மறைக்கவில்லை. கல்யாணமான வாரத்திலேயே உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "இப்படி இப்படி. வருஷத்துல ஒரு நாள் எனக்குக் குடுத்துரு. அன்னிக்கு என்னையக் கூப்பிடக் கூடாது, பேசக் கூடாது, திங்கச் சொல்லக் கூடாது. மத்த முந்நூத்தி அறுபத்திநாலு நாளும் ஒனக்கு."

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் இல்லை. "சரி. என்ன தேதி?" என்றாள்.

இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. வேறு ஒருத்தியாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். ஒரு வருஷத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். இவள் தேதி கேட்டாள்.

எண்பத்தொன்று. திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். "என்ன குருசாமி, கம்பத்த விட்டு எறங்கிட்டீங்களா" என்று ஒரு குரல். திரும்பினால் பிலோமினா. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பக்கத்தில் புருஷன், நல்ல மனுஷன், கையை எடுத்துக் கும்பிட்டான். அவள் பேசினாள். கொழும்பில் அண்ணன் இருப்பது, பிள்ளைக்குச் சளி, பஸ் லேட்டு. நான் எனக்குள்ளே பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இப்போது வரும், இப்போது வரும் என்று. ஒன்றும் வரவில்லை சார். கம்பி இல்லாமல் கேட்டால் அது சாதாரணக் குரல். பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னல் சீட்டுக் கிடைத்தது. அந்தச் சந்தோஷம்தான் இருந்தது.

அதோடு போய்விட்டது. கயத்தாறு தாண்டுவதற்குள் போய்விட்டது.

வீட்டில் சொல்லவில்லை. என்னவென்று சொல்ல? சொல்கிற விஷயமா? அந்த வருஷம் செப்டம்பர் வந்தது. ஒன்பதாம் தேதி காலையில், பேசாமல் வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். எழுந்து பார்த்தால் இவள் சின்ன அறையைக் கூட்டி, பாயை விரித்து, ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறாள். மகனை அப்போதே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டாச்சு. அவன் அழுதால் எனக்குத் தொந்தரவாம். வீடு சாமி இறங்கப்போகிற வீடு மாதிரி இருக்கிறது. அவ்வளவும் செய்து வைத்த பிறகு எப்படி வேண்டாம் என்பது? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

படுத்தேன்.

அப்புறம் வருஷா வருஷம் அதுதான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு என்ன செய்ய? சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைப் பார்ப்பேன். சீனியாரிட்டி லிஸ்ட்டில் எனக்கு மேலே யார் யார் என்று ஓட்டிப் பார்ப்பேன். பிலோமினா முகத்தைக் கொண்டுவரப் பார்ப்பேன், மரியாதைக்கு. வராது. மூக்குத்தி போட்டிருந்தாளா என்பதுகூட வராது. நடுவில் நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். எங்கே நிறுத்த? எக்ஸ்சேஞ்சில் அத்தனை பேருக்கும் தெரியும். "குருசாமி அண்ணாச்சிக்கு அன்னிக்கு டூட்டி போடாதீங்கய்யா" என்பான் புது ஆள்கூட. என் மச்சினன்மார் குடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுவான்கள். "மாமா, ஒங்கள மாதிரி பிரியம் வைக்க எங்களுக்கு வக்கு இல்லை." இவளே தெருவில் சொல்லுவாள், பெருமையாகத்தான் சொல்லுவாள். "எங்க வீட்டு ஆளுக்கு லேசுல ஒண்ணும் மனசுல விழாது. விழுந்தா போகாது." அதைக் கேட்ட பிறகு, போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

ஒரு மனுஷனிடம் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது என்று ஊர் நினைத்தால், அதை இல்லை என்று சொல்லுவானா? லைன்மேனுக்கு வேறு என்ன இருக்கிறது?

சரி. எண்பத்து நாலுக்கு வருகிறேன். அதுதான் கேள்வி.

எண்பத்து நாலில் இவள் மாசமாக இருந்தாள். ரெண்டாவது. அஞ்சு மாசம். செப்டம்பர் ஒன்பது வழக்கம்போல வந்தது. பாயை விரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துதான் விரித்தாள். படுத்தேன். பதினொன்று, பதினொன்றரை இருக்கும். அடுப்பங்கரையில் என்னமோ ஆகிப்போச்சு. விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ராக்கம்மா பன்னிரண்டரைக்குப் பின்வாசலில் வந்து பார்த்து, என்னைக் கூப்பிடாதே என்று இவள் கையைக் காட்டியதால் சத்தமில்லாமல் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. வீட்டில் யாருமே இல்லை. நான் படுத்துக் கிடக்கிறேன். சத்தமே இல்லையே, என்ன பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டே படுத்துக் கிடக்கிறேன். ஆறு மணிக்குத் துண்டை உதறி எழுந்து வெளியே வந்தால், ராக்கம்மா அடுப்பங்கரைத் தரையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"பூசை முடிஞ்சுதாய்யா?" என்றாள். "முடிஞ்சிருந்தா போயி ஒம் பொண்டாட்டியப் பாரு."

பிள்ளை நிற்கவில்லை. அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "ஏன் கூப்பிடலை?"

"இன்னிக்கு ஒங்க நாளாச்சே" என்றாள்.

எல்லாரும் நான் அசந்து தூங்கியிருப்பேன் என்று நினைத்தார்கள். நானும் தூங்கிவிட்டேன் என்றுதான் சொன்னேன். ராக்கம்மாளிடம் சொன்னேன், மாமனாரிடம் சொன்னேன். இவள் என்னிடம் கேட்கவே இல்லை. அதனால் இவளிடம் சொல்லவில்லை. பார்த்தீர்களா, இவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

அதோடு அந்த நாளை விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த வருஷம் அவளேதான் பாயை விரித்தாள். நானேதான் படுத்தேன்.

என்ன பார்க்கிறீர்கள்? இன்னும் கயாவுக்கே வரவில்லை.

இந்த வருஷம் ஊரில் நாற்பது பேர் சேர்ந்து காசி கிளம்பினார்கள். மகன் பணம் கட்டிவிட்டான். காசி முடித்துக் கயா. அங்கே அப்பன் ஆத்தாளுக்குப் பிண்டம் வைத்துவிட்டு, கடைசியில் ஓர் ஆலமரத்தடியில் உட்காரவைப்பார்கள். ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை. அந்த மூன்றையும் இனி ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். செய்துவைத்த சாஸ்திரிகள் தமிழ் ஆள், கறாரான மனுஷன். "பிடிச்சதைத்தான் விடணும். பிடிக்காததை விட்டா விட்டதா ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கூட்டத்தில் வாத்தியார் ஒருத்தர், கோவைக்காயை விட்டேன் என்றார். அவர் சம்சாரம், "அத நீங்க என்னிக்குத் தின்னீக, இன்னிக்கு விடுததுக்கு?" என்று கேட்டாள். மரத்தடியே சிரித்தது. சாஸ்திரிகளும் சிரித்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒரு யோசனை. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். இவள் இத்தனை வருஷம் பொறுத்திருக்கிறாள். இவளுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. இந்த இடத்தில் வைத்து அந்தப் பிலோமினாவை விட்டுவிட்டேன் என்று சொன்னால் இவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்? பக்கத்தில் குனிந்து சொன்னேன். "காய் கீயெல்லாம் இல்லை. நான் அவள விட்டுட்டேன். இனி செப்டம்பர் ஒம்போது கெடையாது."

இவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாங்க" என்றாள். "அம்புட்டுப் பிரியமா வச்சிருந்தத எதுக்கு விடணும்? எனக்காகவா? எனக்கு அது ஒரு தொந்தரவும் இல்லை. நீங்க கத்திரிக்காய விடுங்க."

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். கத்திரிக்காயை விட்டிருக்க வேண்டும். ஆனால் சாஸ்திரிகள் சொன்னது மனதில் உறுத்துகிறது. பிடிக்காததை விட்டால் விட்டதாக ஆகாது. இந்த வயசில், அந்த மரத்தடியில், பொய்க் கணக்கு எழுதக் கூடாது பாருங்கள். இவளும் கண்ணைத் துடைக்கிறாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"பிரியமெல்லாம் ஒண்ணும் இல்லை. அது எப்பவோ போச்சு."

துடைத்த கை நின்றுவிட்டது.

"எப்ப?"

"எப்பவோ."

"எப்பன்னு சொல்லுங்க."

"எம்பத்தொண்ணு."

சொன்னதும் அவள் சேலைத் தலைப்புக்குள் கையை வைத்து விரலை மடக்கினாள். ஒன்று, ரெண்டு, மூன்று. மூன்றோடு நிறுத்திவிட்டாள். எண்பத்தொன்றிலிருந்து மூன்று என்றால் என்ன வருஷம் என்று எனக்கு அப்போது ஓடவில்லை. சத்தியமாக ஓடவில்லை. சந்தோஷப்படுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள் சக்களத்தி வந்து போகிறாள் என்று நினைத்திருந்தவளுக்கு, ஒருத்தியும் வரவில்லை என்று தெரிந்தால் நிம்மதிதானே? நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்?

ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ஸ்டேஷனில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கிக்கொண்டு வருகிறேன். டீயை வாங்கவில்லை. என்னை நேரே பார்த்துக் கேட்டாள்.

"எம்பத்திநாலுல, அன்னிக்கு, முழிச்சா கெடந்தீக?"

நான் வண்டி வருகிறது என்றேன். வண்டி வரவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தது. அரைமணி நேரமும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதுதான் கேள்வி. தூங்கிட்டேன் என்று சொல்லிவிடலாம். ஊருக்கெல்லாம் சொன்னதுதானே, வாய்க்குப் பழகின வார்த்தை. இல்லையென்றால்…

சத்தம் கேட்டது சார்.

முதலில் பாத்திரம் விழுந்தது. உருண்டு, கதவில் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் மூட்டையை இறக்கினமாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. நான் தலையைத் தூக்கினேன். தூக்கி, கதவைப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. நாலு எட்டு எடுத்துவைத்தால் அடுப்பங்கரை. எழுந்திருக்கலாமா என்று நினைத்தேன். நடுவில் எழுந்து போனால் அந்த நாள் கெட்டுவிடும். அப்புறம் அடுத்த வருஷம் எந்த முகத்தோடு படுப்பது? கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. தலையை மறுபடி கீழே வைத்துக்கொண்டேன்.

அந்தத் தலையணை எப்படி இருந்தது என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிலோமினா முகம் ஞாபகம் இல்லை. நாற்பது வருஷமாக அடுப்பங்கரையில் என்ன விழுந்தாலும் எழுந்து ஓடிவிடுகிறேன். ஒரு கரண்டி விழுந்தாலும் சரி. "ஏன் இப்படி ஓடியாறீக, கரண்டிதானே" என்பாள் இவள்.

போதும். வாயில் வருகிறது. நீங்கள் பேசாமல் கேட்டதற்கு நன்றி. இருங்கள், வருகிறேன். இந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

*

தள்ளுங்கள்.

சொல்லிவிட்டேன்.

எதிரில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அந்த வாத்தியார் சம்சாரம் இருந்தது. கொஞ்சம் எழுந்து போம்மா என்றேன். போய்விட்டது. "முழிச்சுத்தான் கெடந்தேன்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மேல் பெர்த்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான்.

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

 எப்படித் தெரியும் என்றேன்.

"தூங்குனா ஒங்களுக்குக் குறட்டை வரும். தரையில கெடந்துக்கிட்டு அதத்தான் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தேன். வரலை. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காக, எந்திரிச்சு வரலைன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ண நெனச்சு மனுசன் எம்புட்டு ஆழத்துல கெடக்காரோ, நம்ம விழுந்த சத்தங்கூட எட்டலைன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், முந்தாநாள் வரைக்கும்."

  ஒரு கூட்ஸ் வண்டி பக்கத்து லைனில் எதிரே போனது. அது முழுக்கப் போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பினாள். ஸ்டேஷனில் கேட்டதற்கு அப்புறம் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"பெறகு, என்னத்தத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தீக?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை சார். உங்களிடம் பேசிப் பார்த்ததில் இது இல்லை. பொய்யாகவாவது ஒன்று சொல்லலாம் என்று தேடினேன். அம்மா ஞாபகம் வந்தது, உடம்பு சரியில்லை, ஏதாவது. ஒன்றும் வாயில் வரவில்லை. உள்ளதுதான் வந்தது.

"பசிச்சுது" என்றேன்.

அதற்கு அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பந்திக்கு வராமல் போன ஆளிடம் மறுநாள் கேட்பார்களே, அந்தமாதிரிதான் கேட்டாள்.

"எந்திரிச்சு வந்திருக்கலாமே. சோறு அப்பத்தான வடிச்சிருந்தேன்."